டிவியில் தெரிந்த பஞ்சு

இன்று எங்கள் ராஜபாளையம் ஸ்டூடியோவில் ஒரு நூல் மில் முதலாளி மகளின் கல்யாண வீடியோவை எடிட் செய்தோம்.

"மில் ஆளுக பரிசு கொடுக்கிறத மட்டும் வெட்டிருங்க" என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் நூற்ற நூலில் நடந்த கல்யாணம். அவர்கள் முகம் மட்டும் ஆகாதாம்.

காலையில் அந்த மில்லில் வேலை பார்க்கும் மாரியக்கா வந்து, "ஏலே தம்பி, கேசட்டுல நான் வாரேனா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இத்தனை நாளும் கேசட் ஓட்டும் டெக்கையும் டிவியையும் ஆன்டெனா வயரில்தான் இணைத்திருந்தோம். முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிவந்த வீடியோ வயரை நேராகச் செருகினேன்.

அடேயப்பா! மூக்குத்திக் கல் மின்னுகிறது. ஷிப்ட் முடிந்து அப்படியே மேடையேறிய மாரியக்காவின் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மணப்பெண் சிரித்துக்கொண்டே அதை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறாள். கேமரா பிடித்த எனக்கே அன்று இது தெரியவில்லை.

ஸ்டூடியோ நடத்தும் அண்ணாச்சி கேசட்டைத் திருப்பி ஓட்டி இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "இத எப்படிலே வெட்ட? பொண்ணும்ல சேந்து போயிரும்" என்றார்.

வெட்டவில்லை.

முதலாளி வீட்டில் எந்த வயர் செருகியிருக்கிறதோ! அவர் டிவியில் பஞ்சு தெரியுமா, வெறும் புள்ளிதான் தெரியுமா? பந்தயம் கட்ட வருகிறவர்கள் சொல்லுங்கள்.