நாறும் குழியும் நாறாத குழியும்

ஊரார் வாயில் போட்டுக்கொள்வதெல்லாம் கடைசியில் எங்கள் கைக்குத்தான் வந்து சேரும். அதுதான் எங்கள் தொழில். மலாக்காவில் வாளிக் கக்கூஸ் இருந்த காலம் அது. காஜா பெராங் பகுதிக்குப் பின்புறம் இருந்த எருக்கொட்டகையில் வேலை பார்த்தேன். வண்டியில் வரும் வாளிச் சரக்கைக் குழியில் கொட்டி, சந்தைக் குப்பை, புல், அடுப்புச் சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடுவோம். மாதக்கணக்கில் வெந்து ஆறினால் கறுப்பு மண்ணாகிவிடும். கேட்பவர்களுக்குச் சும்மாவே அள்ளிக் கொடுப்போம். அடுத்தவன் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வேலையைச் செய்து பிள்ளை குட்டிகளை வளர்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பால் டின்

கொட்டகைக்குப் போகும் வழியில் சிதம்பரத்தின் கோப்பிக்கடை. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, கீழே தட்டு. கொட்டகை ஆட்களுக்கு மட்டும் வாசல் தூணில் ஆணியடித்து ஒரு பழைய பால் டின் தொங்கும். நாங்களே எடுத்து நீட்ட வேண்டும். கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்ததும் நாங்களே கழுவி மாட்ட வேண்டும்.

ஒரு தைப்பூசத்தன்று எனக்கு வேலையில்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு போய் நாற்காலியை இழுத்தேன். அன்றோடு அந்தக் கடைக் கோப்பியை விட்டேன். காரணம் அவர் சொன்ன வார்த்தை: “முருகையா, குளிச்சா போற நாத்தமாய்யா அது? எந்திரி, டின்னை எடு.”

கடலுக்குப் போகட்டும்

பண்டார் ஹிலிர் திடலில் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்த பிறகு ஊரில் ஆளுக்கொரு புது ஆசை வந்தது. சிதம்பரத்துக்கு வந்த ஆசை, எங்கள் கொட்டகை ஒழிய வேண்டும் என்பது. கடைக்கு நாற்றம் அடிக்கிறது, எல்லாவற்றையும் தெங்கேரா பக்கம் கடலில் கொண்டுபோய்க் கொட்டட்டும் என்று நகராட்சி ஆபீசில் புகார் சொன்னார்.

கொட்டகை போனால் எங்களுக்கு வேலை போகும். வேலையோடு குடியிருந்த வீடும் போகும். என் மனைவி அப்போது நிறைமாதம். நான் சிதம்பரத்திடம் நேரில் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீரையா கையைப் பிடித்து உட்கார வைத்தார். “ஒரு புகார்னா ஆபீஸ் தூங்கும், ரெண்டாவது வந்தா முழிச்சுக்கும். அதுவரைக்கும் யாரும் வாயைத் தொறக்கக்கூடாது, முக்கியமா நீ.”

மாக் செல்லம்மாவின் மல்லிகை

எரு வெந்துவிட்டதா என்று பார்க்க எங்களிடம் ஒரு நீள இரும்புக் கம்பி உண்டு. குழிக்குள் குத்தி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பிடிப்போம். கை சுட்டால் உள்ளே இன்னும் வேகிறது என்று அர்த்தம். அதை எந்தச் செடிக்குப் போட்டாலும் வேர் வெந்துபோகும். புதுச் சரக்கு விழும் முதல் குழி அப்படித்தான் கொதிக்கும், மூக்கையும் பிளக்கும். கடைசிக் குழி ஆறிப்போய்ச் சாதுவாகக் கிடக்கும். அதிலிருந்துதான் வெளியே கொடுப்போம்.

மாக் என்றால் மலாயில் அம்மா; மாக் செல்லம்மா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் கிராமமான செட்டிக் கம்பத்துக்காரர். பெயர் தமிழ், கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அம்மன் கோயில் மாலைக்கென்று மல்லிகை வளர்த்தார். சாமிக்குப் போகிற பூவுக்கு இந்த எருவைப் போடலாமா என்று அவருக்கு ஒரே குழப்பம். வேலியோரம் வருவார், நிற்பார், போய்விடுவார். ஒருநாள் துணிந்து உள்ளே வந்து, கடைசிக் குழியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். நாற்றமே இல்லை, மழை வாசனைதான் வருகிறது என்று அவர் மலாயில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தாக் பூசோக் லா, தம்பி. பாவ் ஹூஜான்!”

முதல் குழியில் கை வைத்தவன்

அந்த எருவைப் போட்டபின் மல்லிகை பூத்த பூவைக் கம்பமே வந்து பார்த்தது. பூக்கூடையோடு அவர் சிதம்பரத்தின் கடை வழியாகத்தான் கோயிலுக்குப் போவார். சிதம்பரம் கடைக்குப் பின்னால் வெற்றிலைக் கொடி போட்டிருந்தார். அது நோஞ்சானாக நின்றது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், முதல் குழியின் மேலிருந்த புல் கலைந்து கிடந்தது. ஓரத்தில் யாரோ வெட்டி அள்ளியிருந்தார்கள். பக்கத்திலேயே ஆறிய எரு குவிந்து கிடக்கிறது, கேட்டால் சும்மா கிடைக்கும். போயும் போயும் இதையா திருடுவான் என்று எங்களுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்றே தெரியவில்லை. வீரையா குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுல கை வச்சவன் ஒண்ணு மூக்கில்லாதவன், இல்லேன்னா மூளையில்லாதவன்.”

இரண்டாவது புகார்

அந்த வாரமே ஆபீஸ் முழித்துக்கொண்டது. வெள்ளைக்காரர் போன இடத்துக்குப் புதிதாக வந்திருந்த மலாய் இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கே வந்துவிட்டார். கூடவே சிதம்பரம், கையில் கருகிய வெற்றிலைக் கொடியோடு. கொட்டகை எரு விஷம், என் கொடியைக் கொன்றுவிட்டது, இன்றைக்கே மூடுங்கள் என்று கத்தினார். வீரையா என்னைப் பார்த்தார். நான் கம்பியைக் கொண்டுபோய் முதல் குழியில் குத்தி வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கடைசிக் குழி எருவைக் கையில் எடுத்து, இதையா போட்டீர்கள் என்று கேட்டார். சிதம்பரத்துக்கு அவமானமாகிவிட்டது. “இதையா? இதுல ஒரு வாசமும் இல்லையே, சத்துப் போன மண்ணு! நான் போட்டது அதோ, அந்தக் குழிச் சரக்கு. நாறுறதுலதானே சத்து இருக்கும்?” என்றார். நான் முதல் குழியிலிருந்து கம்பியை உருவி சிதம்பரத்தின் கையில் கொடுத்தேன். பிடித்த வேகத்தில் கீழே போட்டார்.

அந்தக் குழியிலிருந்து உங்களுக்கு யார் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சிதம்பரம் கொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கொட்டகை இங்கேயே இருக்கும், முதல் குழியை மட்டும் இன்னும் உள்ளே தள்ளி வெட்டுங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பி, கடை முதலாளியை அழைக்கும் மரியாதையோடே சொன்னார்: “தவுக்கே, இந்தத் தடவை நாற்றம் தானாக உங்கள் கடைக்கு வரவில்லை. நீங்களே தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.”

மறுபடியும் பால் டின்

சிதம்பரம் புதுக்கொடி நட்டார். பட்டப்பகலில், கோணிச்சாக்கோடு, கடைசிக் குழிப் பக்கம் வந்து நின்றார். முதல் தடவையாக என்னை “அண்ணே” என்றார். மண்வெட்டி என் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அவருக்கென்றே ஒரு பால் டின்னைத் தேடி எடுத்துக் கொட்டகைத் தூணில் மாட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து நிறைய எரு அள்ளி, கை படாமல் உயரத் தூக்கிச் சாக்குக்குள் கொட்டினேன். உங்களுக்கு ஒரு நடைக்கு இதுதான் அளவு என்றேன்.

அவர் சாக்குக்குள் குனிந்து பார்த்தார். “அண்ணே, ஒரு கொடிக்கு இந்த டின்னால எத்தனை நடை நடக்கிறது?”

ஊருக்கு எல்லாவற்றையும் ஆறவைத்தே கொடுத்த நான், அந்தத் தைப்பூசத்துக் கோபத்தை மட்டும் இன்னும் முதல் குழியிலேயே வைத்திருக்கிறேன்.