பட்டுப் பிரிவுக்கு ஒரு களிம்பு

அம்மாவின் விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கியபோது அவள் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டு இழுக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பழவங்காடியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை. துண்டும் பெட்ஷீட்டும் விற்கிற தரைத்தளத்தில் சேர்ந்து, நைட்டி, சுடிதார் என்று ஒவ்வொரு மாடியாக ஏறி, நான்கு வருஷத்தில் மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவுக்கு வந்திருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருத்தி திருவனந்தபுரத்தில் அதற்குமேல் ஏற முடியாது என்பது என் எண்ணம். அந்தக் கடைக்கு மூன்று மாடிதான் இருந்தது.

ஒருமுறை மேலே போய்ப் பார்த்திருக்கிறேன். வெள்ளை மெத்தைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடிப்பின் ஒரு முனையைப் பிடித்து வீசினாள். புடவை எழும்பி, சுருக்கமில்லாமல் போய்ப் படிந்தது. வீட்டில் எங்களுக்குப் பாய் விரிக்கிற அதே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நாள் முழுக்க ஏசி, வீட்டுக்கு வந்தால் பாத்திரச் சோப்பு. விரலில் தோல் வெடித்துச் சின்னச் சின்ன முள்ளாக நிற்கும். பட்டைத் தொட்டால் நூலைப் பிடித்து இழுக்கும். ஒரு புடவையில் அப்படி இழை எழும்பிவிட்டதை மாடி சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். சிங்ஙம் மாதம், நம்ம ஆவணி, வருகிறது, கல்யாணமும் ஓணமும் சேர்ந்த கூட்டம், இன்னொரு நூல் இழுத்தால் சேச்சி கீழே துண்டு விற்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

உடன் வேலை பார்க்கிற ஒருத்தியின் கணவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த களிம்பு டப்பா ஒன்று அம்மாவுக்குக் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா. மூன்று வாரத்தில் விரல் ஆறியது, டப்பாவும் தீர்ந்தது. விரல் மறுபடி வெடித்தது. மெடிக்கல் ஸ்டோரில் விலை கேட்டுவிட்டு வந்தாள்.

“கைய வெட்டிப் போட்டுட்டு வேற கை வாங்கி வச்சுக்கிடலாம் போலுக்கு. அது இதவிட லாபம்.”

இங்கேதான் சித்தப்பா நுழைந்தார். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்து மொத்தக்கடையில் மூட்டை பிரித்து எடை போடுகிற வேலை. உலகத்தில் டப்பாவில் விற்கிற எதுவும் முதலில் ஆரியசாலைக்குச் சாக்கில் வந்து போனதுதான் என்று உறுதியாக நம்புகிறவர். காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில்கூட வைத்தார். பிறகு ஆறாம் வகுப்பு படிக்கிற என்னைக் கூப்பிட்டு, “இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கான்னு வாசி மக்ளே” என்றார்.

ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. எனக்குப் பிடிபட்டவை இரண்டு: தேன்மெழுகு, தேங்காயெண்ணெய். மற்றதையெல்லாம் நான் எழுத்துக்கூட்டித் திண்டாட, “அதெல்லாம் பேருக்குப் போடுகது. இந்த ரெண்டுந்தான் சரக்கு, கேட்டியா” என்று தள்ளுபடி செய்துவிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கட்டியாகத் தேன்மெழுகு வந்தது. கொதிக்கிற தண்ணீரில் எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, மெழுகையும் எண்ணெயையும் உருக்கினோம். கல்லாக இருந்தது எப்படித் தேன் மாதிரி ஓடுகிறது, ஆறினால் ஏன் ஓரத்திலிருந்து உறைகிறது, உறைந்ததும் ஏன் நிறம் வெளுக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எதற்கும் அவருக்குப் பதில் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் சொன்னார்.

முதல் களிம்பு மெழுகுவர்த்தி மாதிரி இறுகிவிட்டது; கத்தியால் செதுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதை மத்தியானத்து வெயில் எண்ணெயாகவே திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது ஞாயிறு ஒரு கரண்டி மெழுகுக்கு நாலு கரண்டி எண்ணெய் என்று வைத்தோம். விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தக் கணக்கை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை பிறகு பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்குக்கும் வந்ததில்லை.

ஆனால் பட்டு என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டுமே. அம்மா ஒரு வாரம் பூசினாள், வெடிப்பு மூடிவந்தது. பீரோவிலிருந்து அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்தோம். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் கட்டுகிற அரக்குச் சிவப்புப் பட்டு. அம்மா பூசின கையோடு விரலை அதில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினாள். நான் முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட எழும்பவில்லை.

“மதினி, கடை டப்பா பூசின அஞ்சு நிமிசத்துல ஆளையே காணோம். நம்மது சாயங்காலம் வரைக்கும் நிக்கும், பாத்துக்கிடுங்க” என்றார் சித்தப்பா.

உண்மைதான். அவர்களுடையது தோலுக்குள் போய்விடும். எங்களுடையது மேலேயே பளபளவென்று நின்றது. அது ஏன் என்று எனக்குக் கொஞ்சம் குறுகுறுத்தது. தரம் அப்படி என்று சித்தப்பா சொன்னார், விட்டுவிட்டேன்.

சிங்ஙம் பிறந்து முதல் முகூர்த்தக் கூட்டம். அன்று காலை அம்மாவின் இரண்டு கையிலும் நானே களிம்பு பூசினேன். நாள் முழுக்கத் தாங்க வேண்டும் என்று தாராளமாகவே பூசினேன். அவளும் சிரித்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தாள்.

கடையில் நடந்ததை நான் தெரிந்துகொண்டது எனக்குக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுதான். அம்மாவோடு பட்டுப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா சொன்னாள். கொல்லத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அரக்கு அல்ல. மலையாளக் கல்யாணத்துக்கு உடுத்துகிற சரிகைக் கரை வைத்த சந்தன நிறக் கசவுப் பட்டு. அம்மா ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு புடவை விரித்திருக்கிறாள். பெண்ணின் தாய் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க, ஓரத்தில் வரிசையாக எண்ணெய் விரல் தடம். ஆறிலும் இருந்திருக்கிறது. கட்டைவிரல் தடம்கூடத் தெளிவாக இருந்ததாம். பட்டில் எண்ணெய் ஏறினால் இறங்காது.  அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

அன்று சாயங்காலம் நானும் சித்தப்பாவும் வாசலிலேயே நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றுமுன் கேட்டேன்.

“நூல் இழுத்ததாம்மா?”

“இல்ல மக்ளே. ஒரு நூலும் இழுக்கல்ல.”

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, நாளையிலிருந்து கீழே துண்டுப் பிரிவு என்றாள். மாடி ஏறி ஏறி முழங்கால் வலிக்கிறது, நானே கேட்டு மாறிக்கொண்டேன் என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டிலிருந்தே அம்மாவைப் பார்க்கலாம் அல்லவா.

அதோடு விட்டேனா? மேலே அம்மாவின் இடத்துக்கு வந்த அக்காவுக்கும் கை வெடிக்குமே என்று கவலைப்பட்டு, ஒரு டப்பா நிறைய களிம்பு செய்து, மூடியில் பூ வரைந்து கொடுத்தேன். அம்மா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த அக்காவுக்குப் பிடித்ததா என்று மறுநாள் கேட்டேன்.

“பின்ன? ரெம்பப் பிடிச்சுப் போச்சாம்” என்றாள்.

இன்னும் இரண்டு டப்பா செய்து தரவா என்றேன். அம்மா என் கன்னத்தை ஒரு கையால் தடவினாள். அந்தக் கை அவ்வளவு மிருதுவாக இருந்தது. அதற்கு அவள் எதைக் கொடுத்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.