கம்ப்யூட்டரோடு வந்த ரிப்போர்ட்டுகள்

முதலியார்பேட்டையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன மாலை வகுப்பை நடத்தியவர் ஒரு டீச்சர். ஒல்லியான உருவம், கயிறு கட்டிய கண்ணாடி. திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

பக்கத்துக் கிளினிக்கில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிள்ளைகளுக்கு நன்கொடையாகக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் போட்டதும் திரை நிறைய நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் டீச்சர் அணைத்துவிட்டார்.

"எல்லாம் நம்ம தெருக்காரங்க" என்றார்.

சிபியுவை என்னைத் தூக்கிவரச் சொல்லி நேரே கிளினிக்குக்கு நடந்தார். அன்று கதவைத் தட்டவில்லை.

"வேணாம்னா நீங்களே அழிச்சிக்குங்க. சும்மா குடுத்ததுக்கு இவ்ளோ பேச்சா?" என்றார் மேனேஜர்.

"சும்மா குடுத்தது கம்ப்யூட்டர் சார். எங்க தெரு பொம்பளைங்க வியாதியையும் சேத்துக் குடுக்க நீங்க யாரு? நாளைக்கு அவங்களுக்கே இது தேவைப்படும். காப்பி எடுத்து வெச்சிக்குங்க. அப்புறம் என் கண்ணு முன்னாடி அழிங்க."

காத்திருந்த பெண் ஒருவர் எழுந்து, "எங்க பேரும் இருக்குதா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் மேனேஜர் ஆளைக் கூப்பிட்டார். காப்பி எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றி முடிக்கும்வரை டீச்சர் உட்காரவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

திரும்பும் வழியில், "நீங்க எதையாவது படிச்சீங்களா டீச்சர்?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டுது. என்னுதுதான்."

அதில் என்ன இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார்.