போனட்டில் வைத்த பொட்டு

நான் செய்த ஒரு காரியத்துக்காக ஒரு பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தடவை வேறு எதையோ எழுதிக் கிழித்துப் போட்டாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் இந்தத் தடவையாவது எழுதிவிட வேண்டும்.

ஈப்போவில், புந்தோங் பகுதியின் ஒரு பின்சாலையில் எனக்குக் கார் பாலிஷ் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம், ஒரு தண்ணீர்ப் பம்பு, சுவரில் வரிசையாக விளக்குகள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு சீனருடைய டயர் கடை. காரைக் கழுவி, பெயிண்டில் ஒட்டியிருக்கும் தாரையும் தூசியையும் எடுத்து, மிஷின் வைத்துத் தேய்த்துக் கீறலைப் போக்கி, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலும் மழையும் பெயிண்டைத் தொடாதபடி சீலன்ட் பூசிக் கொடுப்பேன். ஈப்போவில் மழைக்குப் பஞ்சமில்லை. அந்த சீலன்ட் மேல் மழைத் தண்ணீர் உருண்டை உருண்டையாக நிற்பதைப் பார்த்தால் ஆட்களுக்கு வாயெல்லாம் பல். எனக்குத் தொழில் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்தப் பெண்ணின் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், அங்கே இப்போது வரிசையாக மாடி வீடுகள். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்தார். இப்போது ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரு கருநீலக் கார் இருந்தது. வாங்கும்போதே அது பழைய கார்தான். ஆனாலும் அதன் கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் அண்ணனுக்கு முகம் மாறிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம்.

"பொண்ணு நம்ம காடியிலதான் மண்டபத்துக்குப் போவணும் தம்பி. வாடகைக் காடி வேணாம்னு சொல்லிட்டேன். புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துருங்க லா."

"போலே அண்ணே, செஞ்சிரலாம். சாயங்காலம் வாங்க, ஒங்க மூஞ்சிய அதுல பாத்துத் தலை சீவலாம்" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் நீளம்.

போனட்டின் வலது பக்கம் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு விளிம்பு தூக்கலாக ஓடும். அதை ஒட்டி ஒரு வெளிறிய வட்டம் இருந்தது. பொட்டுத் தடம். ஆயுத பூஜைக்கு மட்டுமில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா அந்தக் காருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார். தோட்டத்தில் அண்ணன் ஓட்டிய லோரிக்கும் வைத்தவராம். இத்தனை வருஷம் லோரி ஓட்டியும் அவர் ஒரு இடத்திலும் இடித்ததில்லை என்றால் அது யாரால் என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பொட்டு வெயிலில் காய்ந்தால் பெயிண்டின் மேல்பூச்சில் லேசாகக் கறை விழுவது உண்டு. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பதமாகத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

ஆனால் விளிம்பு ஓடும் இடத்தில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியதாக இருக்கும். மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த விளிம்பின் மேல் நீல டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. அன்று நான் ஒட்டவில்லை. கையில் மூன்று கார் வேலை இருந்தது, அவசரம் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. டேப் எல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, என் கைக்கு எதற்கு என்று அப்போது எனக்கு ஒரு மிதப்பு. டேப் சுருள் எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கறை முக்கால்வாசி போய்விட்டது. விளிம்போரம் ஒரு பிறை மட்டும் போகமாட்டேன் என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கறையோடு என்ன கோபம்! மிஷினைச் சாய்த்துப் பிடித்து அழுத்தினேன். மிஷின் முனையில் மாட்டிய வெள்ளைப் பஞ்சுப் பேடில் நீலம் ஏறியது. மேல்பூச்சு போய்விட்டது, நான் காரின் நிறத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். மிஷினை நிறுத்திவிட்டுத் துடைத்துப் பார்த்தேன். விளிம்பின் மேல் இருபது காசு நாணயத்தின் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு பல்லைக் காட்டியது.

"அலாமாக்" என்றேன். கடையில் வேறு யாரும் இல்லை.

சொல்லியிருக்கலாம். அண்ணே, என் கை அழுத்திருச்சு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பார். பெயிண்ட் கடைக்காரரிடம் கெஞ்சிச் சனிக்கிழமைக்குள் போனட்டை அடித்துக் கொடுத்திருப்பேன். அப்படிச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணனும் அக்காவும் வந்தார்கள். வேறு காருக்காக இரண்டு பேர் நாற்காலியில் காத்திருந்தார்கள். டயர் கடை முதலாளியும் அவருடைய ஆளும் வாசலில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் காரைச் சுற்றி வந்தார். கதவில் நிஜமாகவே முகம் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டார். அக்கா சிரித்தார். போனட்டுக்கு வந்ததும் அண்ணன் நின்றார்.

"இது என்னா தம்பி?"

மத்தியானம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

"பொட்டு வச்ச எடம்ணே" என்றேன். "குங்குமத்துல சுண்ணாம்பு இருக்குல்ல, கொஞ்சம் கொஞ்சமா பெயிண்ட அரிச்சிருக்கு. கழுவுனதும் உரிஞ்சு வந்துருச்சு. நானும் என்னால முடிஞ்சத பாத்துட்டேன்."

எவ்வளவு சரளமாக வந்தது! எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அண்ணன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "வாரா வாரம் கொண்டாந்து அப்புறியே, இப்பப் பாத்தியா? பொண்ணு ஏறிப் போற காடி! கொஞ்சமாச்சும் அறிவிருக்கா ஒனக்கு?" என்று ஆரம்பித்து, நிறுத்த மனமில்லாமல் பேசிக்கொண்டே போனார். டயர் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் கீழே பார்த்தபடி கோப்பியைக் குடித்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. நல்லதுன்னு நெனச்சுத்தான் வச்சேன். என்னால ஒங்களுக்குத்தான் ரொம்ப சுசா, வீண் செரமம்."

"பரவால்லக்கா" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதும்போது இன்றும் உடம்பு கூசுகிறது. என் தப்புக்கு அவரை நான் மன்னித்துவிட்டேன், பெரிய மனுஷன் போல.

அங்கேயே அவர்கள் கண்ணெதிரில் அந்த இடத்துக்குத் தொட்டுத் தொட்டு நிறம் வைத்து, காயவைத்து, மேலே சீலன்ட் பூசினேன். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. அந்த வேலைக்குக் காசு வேண்டாம் என்றேன். அண்ணன் என் தோளைத் தட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்றார். கல்யாணத்துக்கும் அழைத்தார். போனேன். பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்தத் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்று குங்குமம் பெயிண்டை அரிக்கிற கதையைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

கதை புந்தோங் முழுக்கப் பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "பொட்டு வச்சா பெயிண்ட் போயிருமாமே, நெசமாவா?" என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது மட்டுமா, "சீலன்ட் போட்டுட்டா பயமில்ல" என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். பிறகு அதையே எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன். பொய்யைச் சொன்னதோடு நிற்காமல் அதை வைத்து வியாபாரமும் பார்த்தேன்.

அந்தக் கருநீலக் கார் அவ்வப்போது என் கடையைத் தாண்டிப் போகும். வெள்ளிக்கிழமைகளிலும் போனட் பொட்டில்லாமல் துடைத்துவிட்டது போல இருக்கும். முதலில் நான் பார்த்தேன். பிறகு அந்தக் காரின் சத்தம் கேட்டாலே உள்ளே எதையாவது தேடுகிற மாதிரி போய்விடுவேன்.

ஒரு நாள் கல்யாணப் பலகாரம் மிச்சம் என்று அக்கா ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். நான் ஒரு வெள்ளைக் காருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டேப் ஒட்டாமல் நான் எந்தக் காரையும் தொடுவதில்லை.

"இது எதுக்குத் தம்பி?"

"ஓரத்துல பெயிண்ட் மெலிசுக்கா. மிஷின் பட்டா போயிரும். இத ஒட்டிட்டா ஒண்ணும் ஆவாது."

முழு உண்மையையும் தொழில் விஷயம் மாதிரி அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் "ஓ" என்று சொல்லி, டேப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே கோயில் வாசலில் காரும் மோட்டார் சைக்கிளும் வரிசை கட்டிவிட்டன. நான் என் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால், எனக்கு முன்னால் அந்தக் கருநீலக் கார். அண்ணன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா போனட்டின் மேல் குனிந்து நின்றார். கையில் நீல டேப் சுருள். மூன்று துண்டு கிழித்துப் பக்கம் பக்கமாக ஒட்டி, நகத்தால் ஓரங்களை நீவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம். நான் நிறம் வைத்து மறைத்த இடத்தின் மேலேயே.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி. ஐயரு இது மேல வச்சாப் போதும்ல? பெயிண்ட்ல படாது. சாமிக்கும் வச்ச மாதிரி ஆச்சு, காடிக்கும் ஒண்ணும் ஆவாது. ஒங்க கடையில பாத்துத்தான் வாங்குனேன். சரியா ஒட்டியிருக்கேனா பாருங்க."

சரியாகத்தான் ஒட்டியிருந்தார். விளிம்பு முழுக்க மூடியிருந்தது. அன்றைக்கு நான் ஒட்டியிருக்க வேண்டிய டேப் அது.

"அக்கா, அது பொட்டால வந்தது இல்ல" என்றேன். "நான்தான் மிஷின வச்சு அழுத்திட்டேன். டேப் ஒட்டல. ஆளுங்க இருந்தாங்கன்னு பயந்து பொட்டு மேல பழிய போட்டுட்டேன்."

நீவிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தார்.

"அன்னிக்கி கடையில எத்தன பேரு இருந்தாங்க?"

"நாலு பேருக்கா."

"அவரும் இருந்தாரு. போயி அவருகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்னா?"

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கையைத் துடைத்தார்.

"ஏன் தம்பி?" என்றார்.

பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டியா? பொட்டால இல்லியாம். அந்த டேப்ப எடுத்துரு. ஐயரு வாராரு."

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

"அதான் இல்லங்குறான்ல?"

"இருக்கட்டும். நாளைக்கி வேற என்னாச்சும் ஆனாலும் என் கையத்தானே சொல்லுவீங்க." இதை அவரிடம் மட்டும் சொல்லவில்லை. என்னையும் பார்த்தே சொன்னார்.

குருக்கள் வந்து டேப் மேல் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். அண்ணன் வண்டியை எடுத்தார், எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அக்கா முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நீலச் சதுரத்தின் மேல் பொட்டோடு கார் சாலையில் திரும்பியது.

என் மோட்டாருக்குப் பூஜை முடிந்து கடைக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. நடந்ததை ஒன்று விடாமல் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன். மன்னிச்சுக்குங்கக்கா என்று மட்டும் சொல்லவே இல்லை. அந்த வார்த்தையை எங்கள் மூன்று பேரில் அதுவரை சொன்னவர் அவர் ஒருவர்தான்.