ஜெனிற்றா கேட்ட கம்பிக் காப்பு

மயிலிட்டித் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஐஸ் தொழிற்சாலையில் ஜெனிற்றா நெடுங்காலமாக வேலை செய்கிறாள். தனியே வாழும் அவளுக்கு நண்பகல் உணவே நாளின் இனிய வேளை. அவளும் உதயகலா, தனுசியா உட்பட உடன் வேலை செய்யும் மூவருமாக நால்வரும் வட்டமாக அமர்ந்து, தத்தம் கறிகளைப் பகிர்ந்து உண்பார்கள்.

ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் வாய்க்கு மூடி இல்லை. அது ஒருநாள் ஜெனிற்றாவின் சுட்டுவிரல் நுனியைக் கொண்டுபோயிற்று. கம்பிக் காப்புப் போடும்படி முதலாளியிடம் சொல்லியும் பயனில்லை. அடுத்து உதயகலாவின் கை போய்விடும் என்று அஞ்சிய ஜெனிற்றா, ஒருவருக்கும் சொல்லாமல் யாழ்ப்பாணம் சென்று தொழில் அலுவலகத்தில், அதாவது கந்தோரில், முறையிட்டாள்.

“உங்கடை பேர் வெளியிலை போகாது, பிள்ளை. வழமையான பரிசோதனை எண்டுதான் சொல்லுவன்,” என்றார் பரிசோதகர் கேதீஸ்வரன்.

அவ்வாறே வந்து, காப்புப் பொருத்தும்வரை இயந்திரத்தை இயக்கக்கூடாது என உத்தரவிட்டார். அவர் புறப்படும்போது, கட்டுப்போட்ட விரலுடன் ஜெனிற்றா வாசலில் நின்றாள். அடிபட்டவரைச் சுகம் கேளாமல் கடந்துபோவது அவருடைய ஊரில் வழக்கமன்று.

“விரல் எப்பிடி, பிள்ளை? அண்டைக்குக் கந்தோருக்கு வரேக்கை நல்லா வீங்கிக் கிடந்ததெல்லே?”

தானே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது கேட்டபின்னரே அவருக்கு விளங்கியது. அங்கே நின்ற முதலாளியும் பெண்களும் ஜெனிற்றாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காப்பு வரும்வரை தொழிற்சாலை மூடிக் கிடந்தது; எவருக்கும் கூலி இல்லை. திறந்த அன்று தனுசியாவே முதலில் வாய் திறந்தாள்.

“கந்தோர்க்காரி வாறா. கதையை நிப்பாட்டுங்கோ!”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“உதயக்கா, நீங்களும் கதைக்கமாட்டியளோ?” என்று கேட்டாள் ஜெனிற்றா.

“எங்கடை வீட்டிலை அடுப்பெரியேல்லை, ஜெனிற்றா. போக முதல் எங்களிட்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லே?”

சில நாள்களின் பின் கேதீஸ்வரன் தொலைபேசியில் அழைத்தார்.

“என்ரை பிழை, பிள்ளை. முதலாளி வெருட்டினால் சொல்லுங்கோ, நடவடிக்கை எடுக்கலாம்.”

“அவர் ஒண்டும் சொல்லேல்லை, ஐயா. மற்றவை கதைக்கினமில்லை. அதுக்கும் முறைப்பாடு எழுதலாமோ?”



சென்ற வாரம் ஈரத்தரையில் உதயகலா வழுக்கினாள். அவளுடைய உள்ளங்கை இயந்திரத்தின் கம்பிக் காப்பில் ‘படார்’ என அடித்தது. உள்ளே பற்சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஜெனிற்றா ஓடிவந்தாள்.

“பட்டிட்டுதோ, அக்கா?”

“இல்லை.”

உதயகலா தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு ஜெனிற்றாவைப் பார்த்தாள். ஐஸ் அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று நண்பகலில் மற்ற மூவரும் வட்டமாக அமர்ந்தார்கள். எவரும் ஜெனிற்றாவை அழைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே அவள் தனியே தன் உணவுப் பெட்டியைத் திறந்தாள். இறால் பொரியல் அன்றும் நால்வருக்குப் போதுமானதாக இருந்தது.