மேற்பார்வையாளரின் வீடு

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விரலம்மா என்று பெயர். யாரும் நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் படியேறி வருவது தெரிந்ததும் யாராவது ஆள்காட்டி விரலை ஒருதரம் தூக்கிக் காட்டுவார்கள். அது அடுத்த வார்டுவரை போய்விடும். கட்டில் கம்பியின் அடிப்பக்கம், மருந்து அலமாரியின் தலை, கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பு என்று ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து விரலை ஓட்டுவாள். பிறகு அந்த விரலைத் துப்புரவுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். பேசமாட்டாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்பார்கள்.

பத்தொன்பது வயதில் அதே ஆஸ்பத்திரியில் வாளியும் துடைப்பமுமாகச் சேர்ந்தவள். முப்பத்தாறு வருஷத்தில் துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். பெரிய டாக்டர்கூட அவள் எதிரே வந்தால் செருப்பை ஒருதரம் கால்மிதியில் தேய்த்துவிட்டுத்தான் நடப்பார்.

அவள் வீட்டுக்குள் மட்டும் ஆஸ்பத்திரி ஆள் ஒருவரும் போனதில்லை. தேடி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள். "உள்ளே அவர் தூங்கறார்" என்பாள். அவர் காலை பத்து மணிக்கும் தூங்குவார், சாயங்காலம் ஆறு மணிக்கும் தூங்குவார். பாவம், என்ன வியாதியோ என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள்.

அவள் கணவருக்கு ஒரு வியாதியும் இல்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் ஏறி இறங்கினேன், ஒரு இடத்துக்கும் போய்ச் சேரல" என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். நாள் முழுவதும் முன்னறை சோபாவில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். அவர் தலை சாயும் இடத்தில் சோபாத் துணி எண்ணெயேறித் தோல் மாதிரி ஆகியிருந்தது.

இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். அழுக்கு அவள் கண்ணில் படாமல் இல்லை. அந்தக் கண்ணுக்கு எதுதான் தப்பும்? சமையலறை ஜன்னல் கம்பியில் பிசின்போல் தடித்துப்போன எண்ணெய், கட்டிலுக்கு அடியில் உருண்டைகளாகத் திரண்டிருந்த தூசி, துவைத்தே பல வருஷம் ஆன திரைச்சீலை எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூற்றிருபது கட்டில்களுக்கு அடியில் குனிந்து பார்ப்பவள், வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு கட்டிலுக்கு அடியில் குனியமாட்டாள். உடம்பு மறுத்துவிடும். நாளைக்கு என்று நினைத்துக்கொண்டு படுப்பாள். அந்த 'நாளைக்கு' பதினொரு வருஷமாக வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் குளிருக்கு மகள் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னல்களை அடைத்து ஹீட்டரைப் போட்டதும் தூசி கருகும் வாடை வந்தது. மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டில் தூசி ஜாஸ்தியா?" என்றார்.

"இல்லை" என்றாள் அவள். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டைப் போய்க் கேட்டேன் பாருங்க. அப்போ பால் ஒத்துக்காமத்தான் இருக்கும். ஒரு மாசம் பாலை நிறுத்திப் பாருங்க."

மகள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்த வருஷம் அவளே போன் செய்தாள். அவள் இருக்கும் ஊரில் குளிர் இன்னும் கடுமை. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் காப்பகத்தை மூன்று மாதம் மூடிவிடுவார்களாம். வேறு வழியில்லை. "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு, நீ வா" என்றாள் இவள், சோபாவைப் பார்த்தபடியே.

மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. இவள் புதன்கிழமையிலிருந்து நாலு நாள் விடுப்பு எடுத்தாள். முதல் நாள் முழுவதும் சமையலறையோடு மல்லுக்கு நின்றும் பாதிகூட முடியவில்லை. முட்டி வீங்கிவிட்டது. கணவர் ரேடியோவை அணைத்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தபோதுதான் சொன்னார். "மளிகைக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. குளிருக்கு முன்னாடி வீடு முழுக்கச் சுத்தம் பண்ணித் தருவாங்களாம். வரச் சொன்னேன்."

"என்னைக் கேக்காம எதுக்குங்க?"

"கேட்டா வேண்டாம்பே."

அவரே போய்க் கதவைத் திறந்தார். ரப்பர் பூட்ஸும் தோளில் இரண்டு பைகளுமாக நின்றவளைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். வந்திருந்தது ரயில்.

அது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது, போய்க்கொண்டே இருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவள். அவள் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளைத் துணி. விரலால் காட்டினால் உறைக்கவில்லை என்று மேற்பார்வையாளர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்திருந்தாள். தூசி இருக்கும் இடத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, அதை ஆட்கள் உடை மாற்றும் அறையின் பலகையில் குத்திவைப்பது. கீழே கட்டில் எண், ஆளின் பெயர். நாற்பத்திரண்டாம் கட்டிலுக்கு அடியில் துடைத்த துணி ரயிலின் பெயரோடு எட்டு நாள் தொங்கியது. வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் ரயில் வரவில்லை.

அந்தத் துணியைத் துடைத்த அன்று காலை கீழ்த்தளத்தில் குழாய் உடைந்திருந்தது. தண்ணீரை வாரி இறைக்க ரயிலை மேற்பார்வையாளரே கீழே அனுப்பினாள். அன்று நாற்பத்திரண்டாம் கட்டில் ரயிலின் பொறுப்பில் இல்லை. சாயங்காலம் நாட்குறிப்பைப் புரட்டியபோது தன் கையெழுத்திலேயே அது இருந்ததை அவள் பார்த்தாள். துணியைக் கழற்றினால் விரலம்மாவுக்கும் தப்பு வரும் என்று ஆகிவிடும். நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

"மேடம்!" என்றாள் ரயில். முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. "இது உங்க வீடா? ஐயா சொல்லவே இல்ல."

"வாங்க" என்றாள் மேற்பார்வையாளர்.

"என்ன மேடம் புதுசா வாங்க போங்கன்னு? வா போன்னே சொல்லுங்க. அப்பத்தான் கை ஓடும்."

உள்ளே வந்த ரயில் நின்று சுற்றிப் பார்த்தாள். அவள் கண் எங்கெங்கே போகப்போகிறதோ அங்கெல்லாம் மேற்பார்வையாளரின் கண் முன்னாலேயே போய் நின்றது. சோபா, ஜன்னல் கம்பி, மின்விசிறியின் இறக்கை. அவள் ஏதாவது சொல்லிவிட்டால் நல்லது என்றிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை. ரயில் எதுவும் சொல்லாமல் பையைத் திறந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள்.

திரைச்சீலைகள் முதலில் இறங்கின. குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டதும் தண்ணீர் கறுத்தது. மெத்தைகளை மொட்டை மாடிக்கு ஏற்றினாள், கம்பளிகளைக் கொடியில் போட்டு அடித்தாள். கூடவே பேச்சும் ஓடியது. ஆஸ்பத்திரியைத் தவிர மற்றதெல்லாம் பேசினாள்.

"போன வாரம் ஒரு வீட்டில சோபாவைக் கவுத்தா உள்ள ஒரு பல் செட்டு மேடம். ரெண்டு வருஷமாத் தேடிட்டிருந்தாராம் அந்த வீட்டுப் பெரியவர். கழுவிக் குடுத்தேன். அங்கேயே மாட்டிக்கிட்டு, 'இப்ப நல்லாப் பேச வருதா?'ன்னு கேக்கறார்."

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க வீட்டில ஏதாவது கிடைச்சா என்கிட்ட மட்டும் சொல்லும்மா."

"உங்களுக்கென்ன ஐயா, உங்க சோபாவில நீங்கதான் கிடைப்பீங்க."

மேற்பார்வையாளரால் சிரிக்க முடியவில்லை. ரயில் ஒரு அறையில் இருக்கும்போது இவள் அடுத்த அறைக்குள் ஓடி, கண்ணில் முதலில் படக்கூடியதை ஈரத்துணியால் அவசர அவசரமாகத் துடைத்தாள். ரயில் வந்து பார்த்தாள்.

"மேடம், தூசியை ஈரத்தில தேச்சா சேறாகும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் மேற்பார்வையாளரே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

மத்தியானத்துக்கு முன் உள்ளறைக்கு வந்தார்கள். "இந்த அலமாரி கனம். இதை விட்டுடலாம்" என்றாள் மேற்பார்வையாளர்.

"சின்னது படுக்கப்போற ரூம் இதுதானாமே, அதுக்கு மூச்சு வேற இழுக்குமாம், ஐயா சொன்னாரு. அந்தப் பக்கம் பிடிங்க."

அலமாரி நகர்ந்தது. பின்சுவரில் தரையிலிருந்து தோள் உயரம்வரை கறுப்பு, அலமாரியின் அகலத்துக்கே, நேர்க்கோடு போட்ட மாதிரி. வாடை முகத்தில் அடித்தது. ரயில் இருமிவிட்டு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டாள்.

"தெரியவே தெரியாது" என்றாள் மேற்பார்வையாளர். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "தெரியும். போன வருஷமே வாடை வந்துது" என்றாள்.

ரயில் சுரண்டும் தகட்டால் சுவரை ஒரு இடத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடி மேற்பார்வையாளர் சொன்னாள். "அந்த நாற்பத்திரண்டு. அன்னிக்கு நீ அங்க இல்ல. நான்தான் கீழே அனுப்பினேன்."

"எனக்குத் தெரியாதா மேடம்? போனது நான்தானே."

"எனக்கும் அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. நோட்டுல பார்த்தேன்."

தட்டுவது நின்றது. ரயில் திரும்பினாள். "அன்னிக்கேவா?"

"ஆமா."

"தெரிஞ்சே எட்டு நாள் தொங்க விட்டீங்களா?"

மேற்பார்வையாளர் தலையாட்டினாள்.

"மறந்துபோயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ரயில். குரல் தாழ்ந்திருந்தது. "அவங்களுக்குத் தலைக்கு மேல வேலை, மறந்துட்டாங்கன்னு. ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட." தகட்டைக் கைமாற்றிக்கொண்டாள். "இந்தச் சுவத்தை நான் பார்த்துட்டேன்னு இப்பச் சொல்றீங்க. இது வெள்ளையா இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

ரயில் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது துடைச்சாப் போற கறுப்பு இல்ல. வெளியே இருந்து ஈரம் இறங்குது. மேலோட்டமாச் சுரண்டி மருந்து அடிச்சாலும், ஜன்னலை அடைச்சா பத்தே நாள்ல திரும்ப வந்துடும். பூச்சு முழுக்க எடுத்துக் காய விடணும். மூச்சு இழுக்கற குழந்தையை இங்க படுக்க வைக்காதீங்க."

வாசற்படியில் வந்து நின்ற கணவர் சுவரையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கை வெள்ளையடிச்சு அலமாரியைத் திரும்ப ஒட்டி வெச்சுட்டா? குளிர் முடியற வரைக்கும்தானே?"

மேற்பார்வையாளருக்கு அந்த வழி பிடித்திருந்தது. பிடித்திருந்ததை உணர்ந்ததும் கூச்சமாக இருந்தது. சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணி பஸ்மா" என்று ஆரம்பித்தாள் மகள்.

"உள்ளறைச் சுவர் கறுத்துக் கிடக்கு. பூஞ்சை. வீடும் கண்ணாடி மாதிரி இல்ல. நான் பொய் சொன்னேன்." நிறுத்தினால் மிச்சம் வராது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "போன வருஷம் டாக்டர் கேட்டாரே, அதுவும் பொய்தான்."

"தெரியும்மா. பக்கத்திலதானே உக்காந்திருந்தேன்." என்றாள் மகள். "குழந்தை ஒரு மாசம் பாலுக்கு அழுதா. நான் குடுக்கல."

"தெரிஞ்சும் ஏன்டி குடுக்காம இருந்தே?"

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே. பால்தான் காரணமா இருக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டேன். தூசின்னா அப்புறம் உன் வீட்டுக்கு வரவே முடியாதுல்ல."

இவள் ஜன்னல் கம்பியில் மிச்சமிருந்த எண்ணெயை நகத்தால் சுரண்டினாள்.

"நான் வரலம்மா" என்றாள் மகள். "இங்கேயே ஏதாவது பண்ணிக்கறேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுப் பார்க்கறேன். அப்புறம் பேசறேன், வேலை இருக்கு."

உள்ளறைக்குத் திரும்பியபோது ரயில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் வரப்போவதில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னாள். "மத்த ரூமெல்லாம் முடிஞ்சுது. திரை காஞ்சதும் மாட்டிக்கலாம். குழந்தை வரலேன்னா இதை இப்படியே விட்டுடலாம்ல?"

"இல்ல, எடுத்துடலாம்."

"நான் நாளைக்கு வரமாட்டேன் மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். "எப்படி எடுக்கறதுன்னு சொல்லிட்டுப் போறேன். மேல இருந்து கீழே வாங்க. உதிர்றதை உடனே மூட்டை கட்டி வெளியே போட்டுடுங்க. மூக்கைக் கட்டாம ஆரம்பிக்காதீங்க." பூட்ஸை மாட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சுரண்டும் தகடு ஒன்று ஆணிப்பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்தது. வெள்ளியும் சனியும் மேற்பார்வையாளர் அதை வைத்துச் சுரண்டினாள். பூச்சு அப்பளம்போல் உரிந்தது. சில இடங்களில் செங்கல்வரை கறுப்பு இறங்கியிருந்தது. கணவர் சாக்குகளைக் கட்டிக் கீழே கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு தடவையும் படியேறி வந்து மூச்சு வாங்கினார். "இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் வெச்சிருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் விழித்துக்கொண்டாள். பஸ் ஒன்றும் வரப்போவதில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது. இரண்டு ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. தெருவில் எல்லா வீடுகளிலும் ஜன்னல்களை அடைத்தாகிவிட்டது. காற்று நேரே உள்ளே வந்தது.

பின்னால் கணவர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார். "பல்லு கிட்டிக்குது. மூடட்டுமா?"

"மூடாதீங்க" என்றாள். "சுவர் காயணும்."