இன்வெர்ட்டர் என்ற ஒரு சொல்

சிங்கப்பூருக்கு வடக்கே, மலாய் மண்ணில் இருக்கும் கூலாயில் எங்கள் வீட்டில் ஒரு மெழுகுவத்திகூடக் கிடையாது. எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் இருக்காது. வருஷத்தில் ஒரு நாள் கரண்ட் போனால் இந்த ஊர்க்காரர்கள் காருக்குள் போய் ஏசி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரும் கத்துவதில்லை, திட்டுவதில்லை. கடையில் சாமான் தீர்ந்ததுபோல, வரும் என்று இருக்கிறார்கள். வந்து ஆறு வருஷமாகியும் எனக்கு இது விளங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் நாங்கள் அப்படி வளரவில்லை. கரண்ட் போனால் தெருவே கத்தும். மூன்று வீடு தள்ளி ஒருவர் மின்வாரியத்தைப் பரம்பரையோடு திட்டுவார். எங்கள் வீட்டில் மட்டும் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், ஃபேன் மறுபடி சுற்றும். இன்வெர்ட்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய பேட்டரி, அதற்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனாலும் ஓடுவது. வேறு அர்த்தம் கிடையாது.

என் மனைவி கலாவின் அப்பா எங்களோடு இருக்கிறார். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக்கு மருந்தடித்தே நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று ஒரு சிலிண்டர் வாடகைக்கு வைத்திருந்தோம். கலா தினம் சிங்கப்பூருக்குப் போய்ச் சம்பாதித்ததில் கூரையில் சோலார் போட்டோம். விற்க வந்த சீனப் பையனிடம் எனக்குத் தெரிந்த மலாயில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இன்வெர்ட்டர் அடா?" இன்வெர்ட்டர் இருக்கிறதா?

"அடா, அடா! பாகுஸ் பூஞா." இருக்கிறது, நல்ல சாமான்.

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். அதைத் தட்டிக் காட்டி "இன்வெர்ட்டர்" என்றான். பேட்டரி உள்ளேயே இருக்கும், இப்போதெல்லாம் சின்னதாக வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த வாரமே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்க வேண்டாம் என்றுதான் கலா சொன்னாள்.

"கூரை பூரா கரண்டு. இனிமே எதுக்கு அது?" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல், மண்டையைப் பிளக்கும் வெயில். கரண்ட் போனது. நான் டக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஃபேன் நின்றது. ஆக்ஸிஜன் மெஷின் ஒரு முறை கூவிவிட்டு அடங்கியது. வெள்ளைப் பெட்டியில் விளக்கே இல்லை. அதைக் கையால் அடித்தேன்.

"மாப்ள, இது ஓடலயே லா," என்றார் மாமா. அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

கலா ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். வருகிறோம் என்றார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சிலிண்டர் எங்கங்க?" என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

நான் தெருவுக்கு ஓடிக் கத்தினேன், எங்கள் ஊரில் கத்துவதுபோல. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரோஸ், இரவுச் சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்பவர், காரிலிருந்து இறங்கினார். மெஷினைக் காட்டினேன். என் கூரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் வேனைத் திறந்து, சந்தைக் கடைக்கு வைத்திருக்கும் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். கயிற்றை மூன்று முறை இழுத்ததும் ஓடியது. வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டோம். மெஷின் மறுபடி மூச்சு விட்டது. கொஞ்சம் பொறுத்து மாமாவும்.

"கெனாபா தாக் பங்கில் சாயா?" என்று காக் ரோஸ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். ஏன் முதலிலேயே என்னைக் கூப்பிடவில்லை என்கிறார். கூரைமேல் இருந்த நம்பிக்கையில் பக்கத்து வீட்டை மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மலாய் போதாது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள். மறுநாள் அந்தச் சீனப் பையனைப் போனில் பிடித்துக் கிழித்தேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: தெருவில் கரண்ட் போனால் சோலாரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவன் ஷாக் அடித்துச் சாவான். மிச்சக் கரண்ட் எல்லாம் மின்சாரக் கம்பெனிக் கம்பிக்குப் போகிறது, வீட்டில் தங்காது. அந்தப் பெட்டி கூரைக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும், அவ்வளவுதான்; பேட்டரி தனி. "பாஸ், நீங்க இன்வெர்ட்டர் கேட்டீங்க, இன்வெர்ட்டர் குடுத்தேன்." கம்பத்தில் ஏறுகிறவன் சாகக்கூடாது, அது நியாயம். வீட்டில் மெஷினைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாதது என்ன நியாயம்? அவனைத் திட்டி முடித்தபின் திட்ட மிச்சம் இருந்தது நான்தான். சிலிண்டரைக் காரில் ஏற்றியது அவனில்லை.

சிலிண்டர் திரும்பி வந்துவிட்டது. ஊரில் இருந்ததுபோலவே பெரிய பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். ஞாயிறுதோறும் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கிறேன். ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து சொன்னபோது அவன் சிரித்தான். "நம்ம வீட்டு பேட்டரிய எப்பவோ எடைக்குப் போட்டாச்சுண்ணே. இங்க இப்ப யாரு கரண்டு போகுதுன்னு பயப்படுறா?"

மாமா கட்டிலைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தச் சொன்னார். ஃபேன் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மெஷினைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார். கூரையில் இருப்பது இந்த ஊர்க் கம்பியோடு எழுகிறது, அதோடு படுக்கிறது. கீழே இருக்கும் பேட்டரி யாரையும் நம்பாமல், என் ஊரே மறந்துவிட்ட ஒரு பயத்தில் விழித்துக் கிடக்கிறது. நான் நடுப்படியில் உட்கார்ந்து, மாமாவின் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.